பேய் வீட்டில் ஒரு தலைவலி

அமெரிக்காவில் ஒரு குடும்பம். 1912ஆம் ஆண்டின் கடைசியில், குளிர் தொடங்கும் நேரத்தில், பெரிய பழைய வீடு ஒன்றுக்குக் குடிவந்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே வீட்டில் யார் முகத்திலும் களை இல்லை. பிள்ளைகள் வெளுத்துப் போனார்கள். சாப்பாடு இறங்கவில்லை, அடிக்கடி தலைவலி. ராத்திரியில் மேல்மாடியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. தன் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதுபோல அப்பாவுக்குத் தோன்றியது. கறுப்பு உடை போட்ட ஒரு பெண் அம்மாவின் கண்ணுக்குத் தெரிந்தாள். தொட்டியில் வைத்திருந்த செடிகள்கூட வாடிச் செத்தன.

இந்த வீட்டில் பேய் இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்களும் நடுங்கிப் போனார்கள். நல்ல வேளையாக, உறவினர் ஒருவருக்கு எப்போதோ படித்த ஒரு கட்டுரை நினைவுக்கு வந்தது. நச்சுக் காற்றால் ஒரு குடும்பமே இப்படி இல்லாததைக் கண்டும் கேட்டும் அவதிப்பட்ட கதை அது. உடனே வீட்டைச் சூடாக்கும் உலையைச் சோதித்தார்கள். உலை பழுதாகிக் கிடந்தது. புகைபோக்கி வழியாக வெளியே போக வேண்டிய புகை, வீட்டு அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. அதில் கலந்திருந்தது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. உலையைச் சரிசெய்ததும் பேயும் போயிற்று, தலைவலியும் போயிற்று. வில்மர் என்ற கண் மருத்துவர் 1921இல் இந்தக் கதையை ஒரு மருத்துவ இதழில் எழுதி வைத்தார்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வந்தால் வீட்டில் உடனே ஒரு பதில் சொல்லிவிடுவார்கள். "வெயில்ல சுத்தினே", "போனையே பாத்துக்கிட்டு இருக்கே", "கண்ணு பட்டிருக்கு", "ஸ்கூலுக்கு மட்டம் போடப் பாக்கறியா?" இவற்றில் சில சமயம் ஒன்று சரியாகவும் இருக்கலாம். ஆனால் இந்த மூன்றையும் கொண்டுவரும் காரணங்கள் பல. எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்க மருத்துவர்கள் முதலில் எடுப்பது ஸ்கேனை அல்ல. கேள்விகளைத்தான். எப்போது வருகிறது, எங்கே இருக்கும்போது வருகிறது, கூட இருப்பவர்களுக்கும் வருகிறதா, என்ன செய்தால் போகிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

முதலில் ஒரு வியப்பு. மூளைக்கு வலிக்காது. கையில் முள் குத்தினால் வலிக்கிறது, அந்த வலியை அறிந்துகொள்வது மூளை. ஆனால் மூளையையே தொட்டாலும் கிள்ளினாலும் அதற்கு வலி தெரியாது, வலியை உணரும் நரம்பு நுனிகள் அதில் கிடையாது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மருத்துவர், நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் அறுவை செய்தார். அப்படியானால் தலைவலி வலிப்பது எங்கே? மூளையைச் சுற்றியுள்ள உறையில், அங்கே ஓடும் ரத்தக் குழாய்களில், நெற்றியிலும் பிடரியிலும் உள்ள தசைகளில், கண்ணைச் சுற்றி, மூக்குக்குப் பக்கத்து எலும்பு அறைகளில். இத்தனை இடங்களிலிருந்து வரும் வலிக்கும் நாம் சொல்வது ஒரே சொல்: தலைவலி.

குமட்டலின் கதை வேறு. மூளையும் தண்டுவடமும் சேரும் இடத்தில் முகுளம் என்ற பகுதி இருக்கிறது. மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனித்துக்கொள்கிற இடம் அது. வாந்தி எடுக்கச் சொல்லும் கட்டளையும் அங்கிருந்துதான் வருகிறது. ரத்தத்தில் ஓடும் எல்லாப் பொருள்களும் மூளைக்குள் எளிதாக நுழைந்துவிட முடியாது, அதற்குக் கட்டுக்காவல் உண்டு. ஆனால் முகுளத்தில் ஒரு சிறு இடத்தில் மட்டும் அந்தக் காவல் தளர்த்தப்பட்டிருக்கிறது. ரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று அந்த இடம் பார்த்துக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் போதும், வயிற்றில் உள்ளதை வெளியே தள்ளச் சொல்லிவிடும். கெட்டுப்போன சாப்பாட்டைச் சாப்பிட்ட அன்று உங்களைக் காப்பாற்றுவது இதுதான்.

இனிக் கிறுகிறுப்பு. இதற்கு ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம். வழவழப்பான தரையில் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துப் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே இரண்டு சிட்டிகை மிளகுத்தூளைத் தூவுங்கள். இப்போது கிண்ணத்தை விரலால் சட்டென்று கொஞ்சம் திருப்புங்கள். கிண்ணம் திரும்பும், மிளகுத்தூள் அநேகமாக இருந்த இடத்திலேயே நிற்கும். கிண்ணத்தை ஒரே வேகத்தில் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். அப்போது கிண்ணத்தைப் பிடித்து நிறுத்துங்கள். கிண்ணம் நின்றுவிட்டது, மிளகுத்தூள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

உங்கள் காதுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. உள்காதில் அரைவட்டமாக வளைந்த மூன்று சிறு குழல்கள் இருக்கின்றன. ஒன்று மேலும் கீழும் ஆட்டுவதை அறிய, ஒன்று பக்கவாட்டில் திரும்புவதை அறிய, இன்னொன்று தோள் பக்கம் சாய்வதை அறிய என்று மூன்று திசைகளில் அமைந்திருக்கின்றன. உள்ளே நீர் நிறைந்திருக்கும். தலை திரும்பும்போது குழல் திரும்பும், நீர் பின்தங்கும். அப்படிப் பின்தங்கும் நீர் அங்கே இருக்கும் மெல்லிய திரையைத் தள்ளும். திரையில் பதிந்திருக்கும் நுண்மயிர்கள் வளைந்ததும் மூளைக்குச் செய்தி போகும்: தலை திரும்புகிறது. தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றதும் உலகமே சுற்றுகிறதே, அதற்குக் காரணம் நீங்கள் நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நீர். கண் 'நின்றுவிட்டோம்' என்கிறது, காது 'இல்லை, சுற்றுகிறோம்' என்கிறது.

இந்த உள்காது நீரைச் சோதித்துப் பார்க்கும் வழியைக் கண்டுபிடித்த விதத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ராபர்ட் பாரனி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார். பலரும் தலைசுற்றுகிறது என்றார்கள். தண்ணீர் சில்லென்று இருந்தால்தான் அப்படி ஆகிறது என்று ஒரு நோயாளி சொல்ல, பாரனி அடுத்த முறை தண்ணீரைச் சூடாக்கச் சொன்னார். செவிலியர் சற்று அதிகமாகவே சூடாக்கிவிட்டார். அந்த நோயாளிக்கு மறுபடியும் தலைசுற்றியது. ஆனால் இந்த முறை கண்விழிகள் எதிர்த்திசையில் துடித்தன! சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். வெளிக்காதில் பட்ட சூடும் குளிர்ச்சியும் உள்காது நீரை வெவ்வேறு திசையில் ஓடவைத்தன என்று பாரனி புரிந்துகொண்டார். காதின் சமநிலை உறுப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் இன்றும் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு பாரனிக்குக் கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது அவர் முதல் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். "தலைசுற்றுகிறது" என்று ஒரு நோயாளி சொன்னதை அலட்சியம் செய்யாமல் கேட்ட மருத்துவர் அவர். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

இப்போது கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போவோம். மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்து போனில் படம் பார்க்கிறீர்கள். கண்ணுக்கு முன்னால் திரை அசையாமல் இருக்கிறது. காதோ ஒவ்வொரு வளைவிலும் 'இடதுபக்கம் திரும்புகிறோம், வலதுபக்கம் திரும்புகிறோம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரண்டு செய்தியும் ஒத்துப்போகவில்லை. பத்தாவது வளைவில் வாயில் எச்சில் ஊறும், முகம் வெளுக்கும், பதினைந்தாவதில் பிளாஸ்டிக் கவர் தேட வேண்டியதுதான்.

கண்ணும் காதும் சண்டை போட்டால் வயிறு ஏன் புரள வேண்டும்? 1977இல் டிரெய்ஸ்மன் என்ற அறிவியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். பஸ்ஸும் காரும் கப்பலும் மனிதனுக்குப் புதியவை. அவை வருவதற்கு முந்தைய லட்சக்கணக்கான ஆண்டுகளில் கண்ணும் காதும் முரண்பட்டால் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருந்திருக்கும்: நஞ்சுள்ள காயையோ கிழங்கையோ தின்றிருப்பது. அதனால் மூளை 'விஷம்' என்று முடிவுகட்டி வயிற்றைக் காலி செய்யப் பார்க்கிறது என்றார் அவர். இது இன்னும் முழுதாக நிரூபிக்கப்படாத ஒரு கருத்துதான். ஆனாலும் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொந்தரவு அரிது. உங்களைப்போலப் பள்ளி செல்லும் வயதில்தான் மிக அதிகம். டிரைவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை, ஏனென்றால் அடுத்த வளைவு எப்போது என்று அவருக்குத் தெரியும். ஆகவே முன்பக்கம் உட்காருங்கள், ரோட்டையோ தூரத்து மலையையோ பாருங்கள், போனைப் பைக்குள் வையுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம், பட்டினியாகவும் ஏற வேண்டாம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் சிலருக்கு இதமாக இருக்கும். வாந்தி எடுக்கும் நண்பனைக் கேலி செய்யாதீர்கள். 1961 ஆகஸ்டில் விண்வெளியில் ஒரு நாள் முழுக்கப் பூமியைச் சுற்றிவந்த சோவியத் வீரர் கெர்மன் டிட்டோவுக்கும் அங்கே இதே தலைசுற்றலும் குமட்டலும் வந்தன. விண்வெளிக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் சில நாட்கள் இப்படித்தான் கழிகின்றன.

பயணமே இல்லாமல் வீட்டிலும் வகுப்பிலும் இருக்கும்போது இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், அதுவும் மாதத்துக்குப் பல முறை வந்தால், ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். மைக்ரேன் என்று மருத்துவர் சொல்வார். இது பெரியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு நெருக்கமாக இது இருக்கிறது. உங்கள் வகுப்பிலேயே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் வலிக்கும், பிள்ளைகளுக்கு நெற்றி முழுக்க விண்விண்ணென்று தெறிக்கும். ஜன்னல் வெளிச்சம் கூசும். மிக்ஸி சத்தம் மண்டைக்குள் இறங்கும். தாளிக்கும் வாசனைகூடப் பிடிக்காது. வாந்தி எடுத்து, இருட்டு அறையில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஒன்றுமே நடக்காததுபோல விளையாடப் போய்விடுவார்கள். இதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் 'நடிக்கிறான்' என்கிறார்கள். அது பெரிய அநியாயம். வலி வந்ததும் நிஜம், தூங்கியதும் போனதும் நிஜம். இந்த நோயின் போக்கே அப்படித்தான்.

சிலருக்கு வலி வருமுன் கண்ணுக்குள் மின்னல் கோடுகள் கோணல்மாணலாக ஓடும், நடுவில் ஓரிடம் தெரியாமல் போகும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லிக்கு அப்படி வந்துகொண்டிருந்தது. அவர் பயந்து படுத்துவிடவில்லை. ஒரு தாளை எடுத்து, அந்தத் தெரியாத இடம் எப்படி வளர்ந்து நகர்கிறது என்று நேரம் பார்த்துப் படம் வரைந்தார். பார்வையைக் கவனிக்கும் மூளைப்பகுதியின் அளவோடு ஒப்பிட்டு, ஏதோ ஒன்று மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று 1941இல் எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, அரிஸ்டிடிஸ் லியாவ் என்ற பிரேசில்காரர் முயல் மூளையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் நகரும் ஓர் அலையைக் கண்டார். நரம்பு அணுக்கள் ஒருகணம் கொந்தளித்துப் பிறகு ஓய்ந்துபோகும் அலை அது. தன் தலைவலியைத் தானே கவனித்து ஒரு தாளில் குறித்த மனிதர், மூளை அறிவியலுக்கே ஒரு வழியைக் காட்டிவிட்டார்.

ஒற்றைத் தலைவலி குடும்ப வழியாக வருவது. அம்மாவையோ பாட்டியையோ கேட்டுப் பாருங்கள், "எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான்" என்பார்கள். அதை எழுப்பிவிடும் காரணங்கள் ஆளுக்கு ஆள் மாறும். காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது, தூக்கம் குறைவது, கடும் வெயில், தேர்வுப் பதற்றம் ஆகியவை பலருக்குப் பொது.

சாப்பாடும் தண்ணீரும் ஒற்றைத் தலைவலி இல்லாதவர்களுக்கும் முக்கியம்தான். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் பகல் பன்னிரண்டரை வரை ஒன்றும் சாப்பிடாவிட்டால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? தண்ணீர் விஷயத்தில் இன்னொரு சங்கடம். பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருப்பதால் பல பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மாலையில் தலைவலியோடு வீட்டுக்கு வருகிறார்கள். இதில் தவறு பிள்ளைகளிடம் இல்லை. கேரளத்தில் 2019இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே சில பள்ளிகளில் தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு. மணியோடு சுத்தமான கழிப்பறையும் இருந்தால்தான் அது பலிக்கும்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவி கண் இருண்டு சரிவதைப் பார்த்திருப்பீர்கள். அசையாமல் நின்றால் ரத்தம் கால்களில் தங்கிவிடும், மூளைக்குப் போவது குறையும். முதலில் கிறுகிறுப்பு, பிறகு குமட்டல், பிறகு கண் இருட்டல். அந்த அறிகுறி தெரிந்ததும் வெட்கப்படாமல் கீழே உட்கார்ந்துவிடுங்கள். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள், படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடியுங்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் சுலபமாக வரும். பள்ளியில் வாரம் ஒருநாள் தரும் இரும்புச்சத்து மாத்திரை அதற்காகத்தான்.

கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறதா? கண் சோதனை செய்துகொள்ளுங்கள். ஆனால் கண்ணாடி போட்டும் தலைவலி நிற்கவில்லை என்றால் காரணம் வேறு.

கார்பன் மோனாக்சைடைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் உலை கிடையாது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. கரி, விறகு, சமையல் வாயு, பெட்ரோல், டீசல் எதுவானாலும் காற்று போதாமல் எரிந்தால் இந்த வாயு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது. இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போகும். முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. பிறகு தூக்கம்போல மயக்கம். பிறகு மரணம். கொடைக்கானலில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவேயில்லை என்று செய்தி வந்திருக்கிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர், மூடிய கடைக்குள் ஜெனரேட்டர், ஷெட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கார் எல்லாம் இதே ஆபத்துதான்.

இதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் இரண்டு. ஒரே இடத்தில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கும், வெளியே காற்றாட வந்தால் குறையும். அப்படித் தெரிந்தால் எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டி வாருங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரணக் காற்றை மட்டும் சுவாசித்தால் ரத்தத்தில் உள்ள அந்த வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரமாகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுப்பதால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி வெளியேறிவிடும்.

சரி, உங்களுக்கு அடிக்கடி தலைவலி வருகிறது என்றால் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வலி வந்த தேதி, மணி, அப்போது எங்கே இருந்தீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், முந்தின ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எந்த இடத்தில் வலித்தது, குமட்டியதா, கூட இருந்தவர்களுக்கும் வலித்ததா, எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும், உங்களுக்கே ஏதாவது ஒன்று புலப்படும். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள், அவர் மகிழ்ச்சியோடு வாங்கிப் பார்ப்பார். மெடிக்கல் கடையில் நீங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை சாப்பிட்டால் அந்த மாத்திரையே புதிய தலைவலியைக் கொண்டுவந்துவிடும்.

பெரும்பாலான தலைவலிகள் ஆபத்தில்லாதவை. சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. தலையில் அடிபட்ட பிறகு வாந்தியோ தூக்கக்கலக்கமோ வந்தால், காய்ச்சலோடு கழுத்தை மடக்க முடியாமல் விறைத்தால், திடீரென்று இதுவரை இல்லாத அளவுக்கு வலித்தால், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், கையோ காலோ துவண்டால், வலிப்பு வந்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். பல நாள் தொடர்ந்து காலையில் கண் விழிக்கும்போதே தலைவலியும் வாந்தியும் வந்தாலும், வாரத்துக்கு வாரம் வலி கூடிக்கொண்டே போனாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அவசரத்தில் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாவிட்டால் 108க்கு நீங்களே போன் செய்யலாம். என்ன ஆயிற்று, எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் வந்துவிடும்.